ஏறிக்கொண்டே போன எண்

1

சென்ற மாதம் மன்னார்குடியிலிருந்து என் சித்தப்பா மகன் வந்து எங்களோடு ஒரு வாரம் தங்கிவிட்டுப் போனான். காலையில் எழுந்ததும் வாசலில் நின்றுகொண்டு, மேகம் இறங்கித் தேயிலைச் சரிவை மூடுவதையும் பிறகு விலகுவதையும் பார்த்துக்கொண்டே இருப்பான். "குடுத்து வச்சவங்கண்ணே நீங்க. இந்தக் காத்துல ஒரு வியாதி அண்டுமா?" என்றான். நான் சிரித்தேன். என் மனைவி மங்களம் காப்பியை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் இந்நேரம் ஊரில் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பான். அதனால்தான் இதை எழுதலாம் என்று தோன்றியது. இந்த மலையின் குளிரைப் பற்றியும் ரோஜாவைப் பற்றியும் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் பயந்துகொண்டிருந்த ஒரு வருடத்தைப் பற்றி எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டுமானால், என் பெயர் கோவிந்தராசு. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, மாமா ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு இந்த மலைக்கு வந்தபோது எனக்கு மீசை சரியாக அரும்பவில்லை. ரிங்லெட் டவுனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணியாகச் சேர்ந்து, இப்போது பெரிய கிராணி. பறித்த கொழுந்தின் எடையைப் பேரேட்டில் எழுதுவதும் கூட்டுவதும் என் வேலை. எண் ஏறினால் துரைக்குச் சந்தோஷம், இறங்கினால் எங்கள் எல்லோருக்கும் ஏச்சு. ஆயுசு முழுக்க எண் ஏற வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தவன் நான்.

2

எண்பத்து நாலாம் வருடக் கடைசியில், மழைக்காலத்தில் அது தொடங்கியது. ஆபீசில் உட்கார்ந்து கூட்டல் போட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து பின்பக்கம் ஓட வேண்டியிருந்தது. ஓடினால் நீர் இறங்காமல் நின்றுகொண்டே இருக்க வேண்டும். வந்த மாதிரியும் இருக்காது, போன மாதிரியும் இருக்காது. குளிர்தான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மங்களம் பார்லித் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். வாழைத்தண்டுச் சாறு நல்லது என்று யாரோ சொன்னார்கள். இந்தக் குளிரில் வாழை ஒழுங்காக வளராது. அதனால் தாப்பாவிலிருந்து மேலே வரும் பஸ் டிரைவரிடம் சொல்லிவைத்து, வாரம் ஒருமுறை தண்டு வரவழைத்தாள்.

குளிர் என்று வாயால் சொன்னேனே தவிர, மனசுக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் அப்பா நீரடைப்பில் போனவர். நான் இங்கே வந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். தந்தி கைக்கு வந்தபோது அங்கே எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அப்புறம் ஒருமுறை ஊருக்குப் போனபோது அத்தைதான் சொன்னாள்: "கடசி ரெண்டு நாளு அண்ணன் கத்துன கத்து தெரு முச்சூடும் கேட்டுச்சுடா." நான் கேட்காத அந்தக் கத்தலை, ஆபீசுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிற்கும்போதெல்லாம் கேட்டேன்.

தோட்டத்து டிரஸ்ஸர் என் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது நம்ம மாத்திரைக்கு அடங்காது கிராணி, ஈப்போ போய்க் காட்டிருங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரி. முதலில் கவுண்டர். நான் இன்னும் சிவப்பு அடையாள அட்டைக்காரன், அதாவது இங்கே இருக்கலாம், ஆனால் இந்த நாட்டுக் குடிமகன் இல்லை. அட்டையைப் பார்த்ததும் அந்தப் பெண் பிறந்த இடம் எது, எந்த வருடம் வந்தாய், இப்போது யாரிடம் வேலை என்று மலாயில் கேட்டுக்கொண்டே போனாள். உடம்புக்கு என்ன என்று மட்டும் கேட்கவில்லை. அது நல்லதாகப் போயிற்று. அந்த இடத்தின் பெயரை மலாயில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது. தமிழில் மட்டும் தெரியுமா என்ன?

பெஞ்சில் காத்திருந்தேன். "வைத்திலிங்காம்! வைத்திலிங்காம்!" என்று ஒரு குரல். யாரோ அப்பாவைக் கூப்பிடுகிறார்களே என்று திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது. இங்கே கடைசியில் இருக்கும் பெயரைக் கூப்பிடுகிறார்கள். என் கடைசிப் பெயர் அப்பாவுடையது. அப்பாவின் பெயரோடு, அப்பாவின் நோயோடு எழுந்து உள்ளே போனேன்.

3

டாக்டர் என் மகன் வயதுப் பிள்ளை. தமிழ்ப் பிள்ளைதான், ஆனால் இங்கே பிறந்து இங்கிலாந்தில் படித்தவன். கையுறை போட்டுக்கொண்டு அவன் சோதித்த விதத்தை நான் விவரிக்கப் போவதில்லை. சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. அதில் இருந்த அருவியை உற்றுப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

என் மேல் மரியாதை காட்ட வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, இங்கிலீஷை விட்டுவிட்டுத் தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னான்: "அங்கிள், ஒரு சைடு கட்டியா இருக்கு. ரத்தம் எடுத்துப் பார்ப்போம்."

கட்டியா இருக்கு.

இந்த ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு மலையேறினேன். கெட்டியாக இருக்கிறது என்கிறானா? கட்டி இருக்கிறது என்கிறானா? மாவு கட்டியாக இருக்கிறது என்று மங்களம் சொன்னால் எனக்குப் புரியும். டாக்டர் சொன்னால்? அங்கேயே கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்லிவிடுவானே என்ற பயம்.

நீர்ப்பைக்குக் கீழே இருக்கும் அந்தச் சுரப்பியில் கோளாறு இருந்தால் ரத்தத்தில் ஒரு பொருள் கூடுமாம். எவ்வளவு கூடியிருக்கிறது என்று எண்ணாகச் சொல்வார்கள். முதல் தடவை, இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகம். "சில சமயம் சும்மாவும் ஏறும்" என்றான் டாக்டர். சில வாரம் கழித்து மறுபடி எடுத்தார்கள். இன்னும் ஏறியிருந்தது. அவன் சும்மா என்ற சொல்லை இந்த முறை சொல்லவில்லை. மூன்றாம் முறை எடுத்தபோது காகிதத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடி, மறுபடி திறந்தான்.

அந்த எண்களை நான் இங்கே எழுதவில்லை. அந்த நாட்களில் அவை எங்கே பார்த்தாலும் இருந்தன. லாரியின் நம்பர் பலகையில் இருந்தன. சாயங்காலம் கொழுந்து நிறுக்கும்போது தராசுமுள் அந்த எண்ணில் போய் நின்றால் எனக்கு வேர்க்கும். ஒருநாள் ஒரு பெண்பிள்ளையின் எடையை வேண்டுமென்றே ஒன்று கூட்டி எழுதினேன், அந்த எண்ணை என் கையால் எழுத மனம் வரவில்லை என்பதற்காக. "என்ன கிராணி ஐயா, இன்னிக்கு தாராளமா இருக்கு" என்று அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

மூன்றாம் முறைதான் வாயைத் திறந்தேன். "டாக்டர், அன்னிக்குக் கட்டியா இருக்குன்னு சொன்னீங்களே, ஹார்டா இருக்குன்னா, இல்ல டியூமரா?"

அவன் முகம் மாறிவிட்டது. "ஐயோ, ஹார்டுன்னுதான் அங்கிள் சொன்னேன். இவ்வளவு நாளா நீங்க…" என்று நிறுத்தினான். பிறகு இங்கிலீஷில், நிதானமாக, "டியூமரா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஊசி விட்டுச் சதையில் துண்டு துண்டாக எடுத்துப் பார்க்க வேண்டும்" என்றான்.

ஒரு பயம் போனது. அதைவிடப் பெரியது அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது.

4

இந்தப் பயணங்களில் எனக்கு ஒரு துணை கிடைத்தது. கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் போடும் சீனர், பெயர் ஆ லோக். மேலேயிருந்து வரும் பஸ்ஸில் ஏற்கெனவே ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். எங்கள் ஆபீசுக்குக் காய்கறி கொடுத்தவர் என்பதால் முகப் பழக்கம் உண்டு. "பிகி மானா, கிரானி?" என்று, எங்கே போகிறாய் என்று, முதல் நாள் கேட்டார். ஈப்போ என்றேன். நானும்தான் என்றார். அவ்வளவுதான் பேசினோம். ஈப்போ ஆஸ்பத்திரிப் பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோதுதான் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டோம். இருவருக்கும் ஒரே டாக்டர்.

திரும்பி வரும்போது அவர் சட்டைப்பையிலிருந்து உப்பில் ஊறிய காய்ந்த பிளம் பழம் ஒன்றை எடுத்து நீட்டினார். மலைப்பாதை வளைவுகளில் வயிறு புரட்டாமல் இருக்க வாயில் அடக்கிக்கொள்வது. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. கடைத்தெரு மலாய்தான் இருவருக்கும். அதில் எங்கள் நோயைப் பேச இருந்தவை மூன்றே சொற்கள். சாக்கிட் என்றால் நோய். தாராஹ் என்றால் ரத்தம். தாக்குட் என்றால் பயம்.

"தாக்குட்?" என்று கேட்டார்.

"தாக்குட்" என்றேன். மங்களத்திடம்கூட அதுவரை நான் அதைச் சொன்னதில்லை. தமிழில் வராத சொல் மலாயில் எளிதாக வந்துவிட்டது.

"சாயா பூன்" என்றார். எனக்கும்தான்.

அவருடைய எண்ணும் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்தடுத்து இரண்டு முறை ஒன்றாகப் போனோம். அவருக்கும் துண்டு எடுக்க வேண்டும் என்றார்கள். அதற்கப்புறம் பஸ்ஸில் அவரைக் காணவில்லை. செத்துவிட்டாரோ என்று பயந்து, கோலா தெர்லாவுக்குப் போகும் தோட்டத்து லாரியில் ஏறிக்கொண்டு போய்ப் பார்த்தேன். மனுஷன் பூட்ஸ் போட்டுக்கொண்டு கோஸுக்கு உரம் வைத்துக்கொண்டிருந்தார்.

ஏன் வரவில்லை என்று கேட்டேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவர் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்: "போனால் சொல்லிவிடுவார்கள். போகாவிட்டால் நான் காலையில் எழுந்து கோஸைப் பார்க்கிறேன். சொல்லிவிட்டால் கோஸைப் பார்க்க முடியாது."

"இது சரியில்லை" என்றேன். "சரியில்லைதான்" என்று ஒப்புக்கொண்டார். ஒரு கோஸை வெட்டி என் கையில் கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு லாரியில் திரும்பி வந்தபோது, நானும் போகாமல் இருந்துவிடலாமே என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா? இன்றும் ரிங்லெட்டில் எப்போதாவது எதிரே வருவார். கையைத் தூக்குவார். நான் ஒன்றும் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை.

5

துண்டு எடுக்க நாள் குறித்துவிட்ட பிறகு ஒரு காலையில் மங்களம் அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் எங்க இருக்கறது?"

ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "அபசகுனமாப் பேசாத" என்றேன்.

"சகுனத்த விடுங்க. கேட்டதுக்குச் சொல்லுங்க. இது தோட்டத்து வீடு, காலி பண்ணச் சொல்லுவாங்க. நம்ம புள்ள சேகர் வீடு நாலாவது மாடியில இருக்கு, அவங்க பேசறதுல பாதி எனக்கு வெளங்காது. ஊருக்குப் போலாம்னா அங்க யாரு இருக்கா? போய் யாரு வீட்டு வாசல்ல நிக்கறது?"

ஒரு காலில் மாட்டிய செருப்போடு நின்றேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எந்தக் கேள்விக்கும் நான்தான் பதில் சொல்லிப் பழக்கம். பயம் என்றால் வலிக்குப் பயம், அப்பாவைப் போலக் கத்தி அடங்குவோமோ என்று பயம், இவ்வளவுதான் என்று அதுவரை எண்ணியிருந்தேன். மேகத்துக்குள் இப்படி ஒருத்தியைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டு, பாதியில் எழுந்து போய்விடுவேனோ என்ற பயம் அந்தக் காலையில்தான் வந்தது. அவள் பீன்ஸை நறுக்கி முடித்தாள். நான் ஆபீசுக்குப் போனேன்.

சேகர் எங்கள் ஒரே மகன். கோலாலம்பூரில் பேங்கில் வேலை. வீட்டில் இங்கிலீஷ்தான். பேத்தி என்னைத் தாத்தா என்று கூப்பிடுவாள், அதற்கு மேல் அவளிடம் தமிழ் கிடையாது. ஆபீஸ் போனில் விஷயத்தைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

நாள் முழுக்கத் தைரியமாகத்தான் இருந்தான். "வொரி பண்ணாதீங்கலா பா. வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். எங்க மேனேஜருக்கும் இருந்துச்சு, இப்ப கோல்ப் வெளாட்றாரு" என்றான். நானும் தலையாட்டினேன். மத்தியானம் சாப்பிட்டோம், பேத்தி தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓடி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள், அவளைச் சமாதானம் செய்வதில் நேரம் போயிற்று.

கிளம்பும்போது காருக்கருகில் நானும் அவனும் மட்டும். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறக்காமல் நின்றான். திடீரென்று,

"நீங்க செத்துப் போவாதீங்கப்பா" என்றான்.

ஊரில் வளர்ந்த பிள்ளையாக இருந்தால் பெற்றவனைப் பார்த்து இந்தச் சொல்லை வாயில் எடுத்திருக்க மாட்டான். உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்பான், சாமி இருக்கிறது என்பான். சுற்றி வளைத்துச் சொல்ல நமக்கு எத்தனையோ வழி இருக்கிறது. அவனிடம் அந்தத் தமிழெல்லாம் இல்லை. இருந்ததை எடுத்துச் சொன்னான். அத்தனை மாதமாக யாரும் சொல்லாத சொல், நானே எனக்குள் சொல்லிக்கொள்ளாத சொல், அந்த மண் பாதையில் வைத்து முகத்துக்கு நேராக வந்தது. அது வந்ததும் என் நெஞ்சு லேசாகிவிட்டது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

"போமாட்டேன்டா" என்றேன். என் கையிலா இருக்கிறது? இருந்தாலும் வேறு என்ன சொல்வது? அவன் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். பேத்தி காருக்குள்ளிருந்து ஹாரனை அமுக்கினாள்.

6

துண்டு எடுத்தார்கள். வலி பெரிதாக இல்லை. வந்த ரத்தத்தைப் பார்த்துத்தான் நடுங்கிப்போனேன். துண்டுகளைக் கோலாலம்பூருக்கு அனுப்பிப் பார்க்க வேண்டுமாம். பதில் வரச் சில வாரம் ஆகும் என்றார்கள்.

அந்த வாரங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆபீஸ் போன் அடித்தால் எழுந்து நின்றுவிடுவேன். மாரியம்மன் கோயிலுக்கு மங்களம் போனாள், நான் போகவில்லை. கேட்டுவிட்டால் கேட்டதற்குப் பதில் எதிர்பார்க்க வேண்டுமே. மலைச்சரிவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். இவர்களெல்லாம் எப்படிச் சிரிக்கிறார்கள் என்று அவர்கள்மேல் எரிச்சல் வரும். காலையில் கண் விழித்ததும் ஒரு நொடி ஒன்றும் ஞாபகம் இருக்காது. அந்த நொடி மட்டும் பழைய மனுஷனாக இருப்பேன். அப்புறம் ஞாபகம் வந்துவிடும்.

கடைசியில் வரச் சொன்னார்கள். மங்களம் முந்தின நாளே புடவையை மடித்து வைத்துவிட்டாள். "நானும் வர்றேன். நீங்க வந்து பாதி சொல்லுவீங்க, பாதி முழுங்குவீங்க" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான். பிறகு என்னிடம் இங்கிலீஷில் சொன்னான். சொல்லிவிட்டு, அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தமிழில் ஒரு சொல்லைத் தேடினான்.

"கேன்சர்தானே தம்பி?" என்றாள் மங்களம். "அது எனக்கு வெளங்கும். மிச்சத்தச் சொல்லு."

அவன் மிச்சத்தைச் சொன்னான். எலும்புக்குப் போன மாதிரி எக்ஸ்ரேயில் தெரியவில்லை. இருந்த இடத்திலேயே இருக்கிறது என்றுதான் நினைக்கிறான். கோலாலம்பூரில் கதிர்வீச்சு, நாம் சொல்கிற கரண்டு, வைக்க வேண்டும், வாரக்கணக்கில். பிறகு ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். "நல்லாயிருமா?" என்று கேட்டாள். "ஆகலாம் ஆன்ட்டி. ஆகும்னு பிராமிஸ் பண்ண முடியாது" என்றான். அவனுடைய அந்தத் தடுமாறும் தமிழில் பொய் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை.

7

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேகருடைய நாலாவது மாடி வீட்டில் தங்கிக் கரண்டு வைத்துக்கொண்டேன். மங்களமும் அங்கேதான் இருந்தாள். மருமகளும் அவளும் கையால் ஜாடை காட்டிப் பேசக் கற்றுக்கொண்டார்கள். எண் இறங்கியது. இப்போதும் சில மாதத்துக்கு ஒருமுறை ஈப்போ போய் ரத்தம் கொடுக்கிறேன், பதில் வரும்வரை பழையபடி லாரி நம்பர்களைப் படிக்கிறேன். பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய்.

ஆனால் நான் உங்களிடம் சொல்ல நினைத்தது டாக்டர் சொன்ன அன்று மத்தியானத்தைப் பற்றி.

ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தோம். கொதிக்கிற வெயில். மலையிலிருந்து இறங்கி வரும் எங்களுக்கு ஈப்போ வெயில் எப்போதும் அடித்துப் போடும். சாலையோரம் நின்றேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. கால் தள்ளாடுமோ என்று பார்த்தேன், அதுவும் இல்லை. வந்தது பசி. சின்ன வயதில் வயலிலிருந்து வந்து சட்டியைத் திறந்து பார்க்கிற மாதிரிப் பசி. எத்தனையோ மாதமாக எதை வாயில் வைத்தாலும் மண்ணாக இருந்தது. இப்போது, கேன்சர் என்று தெரிந்த பிறகு, பசிக்கிறது. சொல்லவே வெட்கமாக இருந்தது.

"மங்களம், சாப்பிடலாமா?" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எதிரே ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை இருந்தது, என் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். நடுச்சாலையில், ஊர் பார்க்க, அவள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

இலை போட்டார்கள். சோறு, பருப்பு, புடலங்காய்க் கூட்டு, மீன் குழம்பு. நான் பிசைந்து பிசைந்து வாயில் போட்டேன். பரிமாறுகிறவன் வந்து நின்றான், வேண்டும் என்று தலையாட்டினேன். இரண்டாவது சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டபோதுதான், சற்றும் எதிர்பாராமல், கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டத் தொடங்கியது. மூக்கு ஒழுகுகிறது. சுற்றிலும் ஆட்கள். கையெல்லாம் சோறு, துடைக்கவும் வழியில்லை. இலையை விட்டு எழுந்துவிடலாம் என்று கையை ஊன்றினேன்.

மங்களம் தன் இலையிலிருந்து அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தாள். இடது கையால் முந்தானையைப் பிடித்து என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"எந்திரிக்காதீங்க" என்றாள். "அழுவுறதா இருந்தா சாப்ட்டுக்கிட்டே அழுவுங்க."

நான் மறுபடி இலையில் கை வைத்தேன்.